பளபளவுக்கும் சளசளவுக்கும் ஒரே மார்க் விழுந்த கதை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் பாகங்களோடும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, வாண்டு மூவரும் சளி இருமல் இல்லாமல் இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், இல்லையென்றால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் படி. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் நான் என்ன பேசினாலும் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தம் சொல்கிறாள். இது ஒரு குற்றவாளியின் வாக்குமூலம், இதற்குத் திருத்தம் வேண்டாம். அவள் இப்போது நீச்சல் வகுப்புக்குப் போயிருக்கிறாள். ஆமாம், அறுபத்திரண்டு வயதில் நீச்சல். வாரம் நாலு நாள். நேற்று இரண்டு கையையும் விட்டுவிட்டு மிதந்தாளாம், வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்துச் செய்துகாட்டினாள், நான் கைதட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் திரும்பி வந்து குடியேறுவதற்கு இந்த மாநகரத்தின் ஓரத்தில் இரண்டு ஏரியாக்களைப் பார்த்துவைத்து, குழந்தை குட்டியோடு இருக்க எது தோது என்று நேரில் போய்ப் பார்த்து மார்க் போடச் சொல்லி இருபத்திரண்டு வரியில் ஒரு அட்டவணை அனுப்பினாய். வரிக்குப் பத்து மார்க். நான் முப்பத்துமூன்று வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், எனக்கு இந்த வயதில் பரீட்சை பேப்பர் திருத்தும் உத்தியோகம் கொடுத்தாய், சந்தோஷம். போட்டு அனுப்பினோம். மாப்பிள்ளை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டினால் இரண்டுக்கும் நூற்று நாற்பத்தெட்டு. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், எப்படிப்பா ஒரு மார்க்கூட வித்தியாசம் இல்லாம வந்துச்சு என்று கேட்டாய். மாப்பிள்ளை பின்னாலிருந்து, மாமா ரொம்ப நியாயமா போட்டிருக்கார் என்று சர்டிபிகேட் கொடுத்தார். நான் அசடு வழிந்துகொண்டே, லைன் சரியில்லைம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ தரகருக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இந்தக் கடிதம் எட்டு நாளில் வந்துவிடும், அதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அட்டவணையில் முதல் இடம், இரண்டாம் இடம் என்றிருப்பதை உன் அம்மா பளபள, சளசள என்று மாற்றிவிட்டாள். பளபள நம் வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். சளசள நகரத்தின் அந்தக் கோடி. இதை மனதில் வைத்துக்கொள். முதலில் பளபளவுக்குப் போனோம். வாசலில் காவலாளி எந்த வீட்டுக்கு என்று கேட்பான் என்று தெரிந்துதான் என் பழைய கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு போயிருந்தேன், நடுவில் இரண்டு பொத்தான் போட முடியவில்லை, பையை முன்னால் பிடித்துக்கொண்டேன். லிஃப்டைப் பார்க்க வந்திருக்கேன் என்றதும் சல்யூட் அடித்து வழி விட்டான். இந்த அம்மா யார் என்றான், சூப்பர்வைசர் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடடா, லிஃப்ட் என்றால் அதுதான் லிஃப்ட். ஆளுயரக் கண்ணாடி, மெல்லிசாக ஒரு பாட்டு, நின்றதே தெரியாமல் நிற்கிறது. ஆனால் நான் கண்ணாடியைப் பார்க்கிற ஆள் இல்லை, பட்டனைப் பார்க்கிற ஆள். கட்டி ஒன்பது வருஷமாம், தரைத்தள பட்டன் நேற்று வாங்கிப் பொருத்தியதுபோல் இருக்கிறது. தேய்ந்திருப்பது ஒன்றே ஒன்று, அடித்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கான பட்டன். புரிகிறதா, வீட்டிலிருந்து நேரே காருக்குள், காரிலிருந்து நேரே வீட்டுக்குள், தரையில் கால் வைக்க ஒருவருக்கும் வேலை இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றி லிஃப்டில் ஏறக்கூடாது என்று ஒரு அறிவிப்பு வேறு. விளையாட்டுத் திடலில் உன் அம்மா சறுக்குமரத்தை விரலால் தடவிப் பார்த்தாள், விரல் முழுக்கத் தூசி. அங்கே குழந்தையோடு வந்த ஒரு அம்மாள், திடலுக்கு போனிலேயே நேரம் பதிவு பண்ணலாங்க, ஒரு குழந்தைக்கு நாப்பது நிமிஷம், கூட்டமே இருக்காது என்று பெருமையாகச் சொன்னாள். அவள் பிள்ளை ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்து நாற்பது நிமிஷம் முடிவதற்காகக் காத்திருந்தது.

மறுநாள் சளசள. பஸ், ரயில், மறுபடி பஸ். ஆறு மாடிக் கட்டடங்கள், சாயம் போன சுவர், போய் இறங்கும்போதே ஒருவர் இன்னொருவர் ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், சண்டை முடிந்ததும் இருவருமாகச் சேர்ந்து எங்களுக்கு வழி சொன்னார்கள், இரண்டும் தப்பான வழி. மழை பெய்தால் தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்குமாம். மருத்துவமனை தூரம். சத்தம் என்ற வரிக்கு நான் இரண்டு மார்க் போட்டேன், உன் அம்மா அதிலும் ஒன்று அதிகம் என்றாள். லிஃப்டைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்தது, ஏறும்போது என் முழங்கால் போலவே சத்தம் போடுகிறது. ஆனால் தரைத்தள பட்டனில் எழுத்தே இல்லை, தேய்ந்துபோய், யாரோ நகப்பூச்சு வைத்துத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். கதவின் கீழ்ப்பாதி முழுக்கச் சின்னச் சின்ன செருப்புத் தடம். பட்டன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நூலில் ஒரு முழக் குச்சி கட்டித் தொங்குகிறது. எதற்கென்று தெரியவில்லை, இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. அப்போது முன்பல் இல்லாத ஒரு பெண்குட்டி உள்ளே வந்து, அந்தக் குச்சியை எடுத்து ஐந்தாம் மாடிப் பட்டனை ஒரு குத்துக் குத்திவிட்டு, எங்களைப் பார்த்து, நீங்க யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க என்று விசாரணையை ஆரம்பித்தது. விதிப்படி அந்தக் குச்சி தப்பு. நான் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கீழே வருவதற்குள் ஏழு பேர் எங்கள் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பையன் வரப்போறான், ஆறு வயசு என்று உன் அம்மா வாயை விட்டுவிட்டாள், உடனே அவன் வேகமாக ஓடுவானா, அவனிடம் சொந்தமாகப் பந்து இருக்கிறதா, எப்போது வருகிறான் என்று பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண்மணி, டேய், பெரியவங்கள விடுங்கடா என்று கத்தினாள். அதில் ஒன்றுகூட அவள் பிள்ளை இல்லையாம், சும்மா பொதுநலத்துக்குக் கத்துகிறாள். வாண்டு அங்கே பேச ஆள் இல்லாமல் தூசி உறிஞ்சும் மெஷினுக்குப் பேர் வைத்து அதோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று நீ போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாய். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்தாய். எனக்குக் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

ஆக, நேர்மையாகப் போட்டால் பளபளவுக்கு நூற்று முப்பத்தொன்று, சளசளவுக்கு நூற்று நாற்பத்தெட்டு. அப்படித்தான் முதலில் போட்டேன். போட்டுவிட்டு மேஜையில் தாளை வைத்துவிட்டு டீ குடித்தேன். டீ ஆறுவதற்குள் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. கால் மணி நேரம் எங்கே, அந்தக் கோடி எங்கே. பதினோரு வருஷமாக உன்னை ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதிலும் பாதி நாள் உன் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. பேனாவை எடுத்தேன். மரங்கள் என்ற வரியில் பூந்தொட்டிகளையும் மரமாகச் சேர்த்தேன். பறவைகள் என்ற வரிக்கு, வாசலில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்ததைச் சாக்காக வைத்து ஒன்பது கொடுத்தேன். இப்படி அங்கங்கே தட்டிக்கொட்டி இருபத்தாறு மார்க் ஏற்றினேன். பளபள நூற்று ஐம்பத்தேழு, ஒன்பது மார்க்கில் ஜெயிக்கிறது. என் கையெழுத்து உங்களுக்குப் புரியாதென்று உன் அம்மா அதை அழகாகப் பிரதி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள். அவ்வளவுதான், காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம்தான் நீ இரண்டும் சமம் என்றாய். நான் மறைத்துவைத்த ஒன்பது மார்க்கை யார் தின்றது. போனை வைத்ததும் அலமாரியைக் குடைந்து அம்மா எழுதிய பிரதியை எடுத்துப் பார்த்தேன். பளபளவின் காற்றோட்டத்தில் மூன்று குறைவு, தெருவிளக்கில் மூன்று குறைவு, அக்கம்பக்கத்தில் மூன்று குறைவு. தாளோடு போய் அவள் முன்னால் நின்றேன். அவள் நீச்சல் தொப்பியைக் காயப்போட்டுக்கொண்டே, நீங்க ஏத்துன இருபத்தாறு மார்க்கு நியாயம், நான் எறக்குன ஒம்போது மட்டும் மோசடியா என்று கேட்டாள். நான் ஏற்றியது அவளுக்கு முதலிலேயே தெரியும், கூடவே வந்தவள்தானே. ஒன்பது போதும், அந்த இடம் தோற்றுவிடும் என்று நினைத்தாளாம், கூட்டிப் பார்க்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவளுக்கு எல்லாமே கண்ணளவு. இப்படியாக, ஒரு வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகத் திருட்டு வேலை பார்த்ததில் கிடைத்ததுதான் மாப்பிள்ளை மெச்சிய நியாயம்.

நான் கோபப்பட்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெத்த பொண்ணு பக்கத்துல வர்றது உனக்குப் பிடிக்கலையா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. உட்காருங்க என்றாள். இந்தத் தூரத்துல இருக்கறதாலதான் நானும் அவளும் நல்லாப் பேசிக்கிறோம், பக்கத்துல வந்தா அவ துண்டு மடிக்கிறதைப் பார்த்தே நான் ஏதாவது சொல்லிடுவேன், அவளும் சும்மா இருக்க மாட்டா என்றாள். உங்க அம்மா பத்தொன்பது வருஷம் நம்ம கீழ்வீட்டுல இருந்தாங்க, ராத்திரி எத்தனை தடவை நம்ம வீட்டுக் குழாயைத் திறந்தோம்னுகூட அவங்களுக்குத் தெரியும், நான் அப்படி ஆகிடக்கூடாது என்றாள். அவ வீட்டுக்கு நான் விருந்தாளியா போகணும், தினம் சாயங்காலம் பிள்ளையை விட்டுட்டுப் போற இடமா நம்ம வீடு ஆகக்கூடாது, எனக்கு இப்பத்தான் மிதக்க வந்திருக்கு என்றாள். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். நான் மார்க்கிலேயே பொய் சொன்னவன், என் வாக்கை நம்பியது அவள் தப்பு.

நான் விடவில்லை. மக எங்க இருக்கணும்னு ஆசைப்படறாளோ அதுதான் முக்கியம், நீ யார் கெடுக்க என்று மறுபடி ஆரம்பித்தேன். அப்போது அவள் உன் அட்டவணையை எடுத்து என் கையில் கொடுத்து, இதுல நம்ம வீட்டுக்கு எவ்ளோ தூரம்னு ஒரு வரி இருக்கா பாருங்க என்றாள். பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குத் தூரம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு, கடைக்கு, மாப்பிள்ளை ஆபீசுக்குத் தூரம் இருக்கிறது. மிருக டாக்டருக்குக்கூட இருக்கிறது, உங்களிடம் ஒரு மீன்கூடக் கிடையாது. எங்களுக்கு இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

அன்று முழுக்க உன்மேல் மனஸ்தாபமாகத்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரியை மாப்பிள்ளை விட்டிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன், ஆனால் அட்டவணை உன்னுடையது, அந்த அளவுக்கு வரி வரியாக யோசிக்கிறது நீதான். அப்புறம் புதன்கிழமை, பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தனியாகச் சளசளவுக்குப் போய்வந்தேன். கதவிலிருந்து கதவுக்கு ஒரு மணி ஐம்பது நிமிஷம், கடைசிப் பத்து நிமிஷம்தான் உட்கார இடம் கிடைத்தது. போய் அந்த லிஃப்டின் மோட்டார் அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மாதாமாதம் தவறாமல் ஆள் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறான், கயிறு புதுசு, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. சத்தம் மட்டும்தான், ஆபத்து இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, பல் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள், பிடுங்க வேண்டாமாம் என்றேன். கையில் மடித்துவைத்திருந்த ரயில் டிக்கெட்டை வாங்கிக் குப்பையில் போட்டாள்.

அதனால் சளசளவையே எடு. வாண்டுக்கு அதுதான் இடம், இதில் மார்க்கே தேவையில்லை. நான் ஏதோ பெரிய மனது பண்ணிச் சொல்வதாக நினைக்காதே, எனக்கு நீ பக்கத்தில் வேண்டும், நினைத்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உன் வீட்டு நாற்காலியில் உட்கார வேண்டும், உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பேப்பர் படிக்க வேண்டும். அது என் ஆசை, அது உன் கணக்கில் வரவேண்டியதில்லை. மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வந்து சேருங்கள், வாண்டு சத்தமாகச் சிரித்து அக்கம்பக்கத்தில் திட்டு வாங்கி வளரட்டும், நீயும் மாப்பிள்ளையும் சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. தரகரிடம் கையெழுத்துப் போடுமுன் மழைத்தண்ணீர் விஷயத்தைக் கறாராகப் பேசு, தரைத்தள வீடு வேண்டாம். அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

நம் வீட்டுக்குத் தூரம் என்ற அந்த வரியை நீ மறந்துபோய் விட்டாயா, இல்லை ரொம்ப யோசித்துத்தான் விட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. மறந்திருந்தால் போனில் என்னை நன்றாகத் திட்டு, இத்தனை பக்கம் எழுதினதற்கு. யோசித்து விட்டிருந்தால் அதற்குக் காரணம் எதுவும் எழுத வேண்டாம், வீட்டு நம்பரை மட்டும் எழுதி அனுப்பு. பஸ்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் இப்போது மனஸ்தாபம் எதுவும் இல்லாத
அப்பா