பாப்பா காலியாக விட்ட கட்டம்

கறுப்பு மாமாவுக்கு,

நல்லா இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. பாப்பாவைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

ரெண்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்த கலைவாணி டீச்சர், ஒரே கதையைப் பள்ளியில் எப்படிச் சொன்னார்கள், வீட்டில் எப்படிச் சொன்னார்கள் என்று கட்டம் போட்டு எழுதச் சொல்கிறார். பூதம் தூக்கிப்போன அப்பாவை மகள் தேடிப்போகிற கதை. "டீச்சர் கதையில அவ குதிரையில போறா. நைனா கதையில ஷேர் ஆட்டோல போறா" என்று பாப்பா சிரித்துக்கொண்டே எழுதினாள்.

டீச்சர் கதையில் அப்பா வீடு திரும்புகிறார். அவள் நைனா நீ கதையை முடிப்பதற்குள் இவள் தினமும் தூங்கிவிடுவாள், நான் அடுப்படியில் இருப்பேன். அந்த முடிவுக் கட்டம் மட்டும் காலி. "நைனா மலையிலேர்ந்து வந்ததும் கேட்டு எழுதிக்கிறேன்" என்கிறாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த அன்று அவளை அக்கா வீட்டில் விட்டிருந்தேன். நீ திருமலைக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைத்தேன். அவளுக்காகவே பொட்டு வைத்துக்கொள்கிறேன். தாலி இல்லாத கழுத்தை முந்தானையால் மூடிக்கொள்கிறேன்.

இப்போது அவள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். காலையில், "அம்மா, முன்ன பூ வச்சிக்கினு இருந்தே, இப்ப வைக்கல. இது வேற" என்றாள். அடுத்து முந்தானையை விலக்கிப் பார்ப்பாள்.

திங்கட்கிழமை அம்மாக்கள் பள்ளிக்கு வந்து வீட்டுக் கதையை முடிவு வரைக்கும் சொல்லவேண்டுமாம். பாப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

உன் கதையில் அந்த அப்பா வீட்டுக்கு வந்தாரா, மாமா?

உன் பாப்பாவின் அம்மா