அலமாரியில் பத்திரமாக இருக்கும் கமெராக் குழாயும் என் மனைவியின் ஒற்றைச் சிறுநீரகமும்

அனுப்புநர்:
மூக்கன் அழகன்,
மேற்பிரிவு, கல்லுமலைத் தோட்டம்,
ஹட்டன்.

பெறுநர்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்.

விடயம்: சிறுநீரகக் கல் உடைக்கும் கருவியை நோயாளிகளிடமிருந்து காப்பாற்றியமைக்குப் பாராட்டும், நோயாளி ஒருவரைக் காப்பாற்றும்படி வேண்டுகோளும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். என் மனைவி நாகலெட்சுமி கொழுந்து பறிப்பவர். அவருக்கு இருப்பது ஒரு சிறுநீரகம்தான். மற்றதைக் கல் அடைத்து, முறை வரும் வரும் என்று காத்திருந்ததில் அது கெட்டுப்போய் எடுக்கப்பட்டது. மிஞ்சிய ஒன்றிலும் இப்போது கல். என் கவலை அதுதான் என்றாலும், எங்கள் நகரத்து வைத்தியசாலையின் வழக்கப்படி முதலில் கருவியின் நலம் விசாரிக்கிறேன்.

2. வயிற்றைக் கிழிக்காமல் கல்லை உடைக்க, நுனியில் கமெரா வைத்த, வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. சிறுநீர் வரும் வழியாகவே அதை உள்ளே செலுத்தி, அதற்குள் நுழைத்த லேசர் இழையால் கல்லைப் பொடியாக்குவார்கள். முதலில் வந்த குழாய், இழையின் நுனி வெளியே வருமுன் யாரோ லேசரின் கால்மிதியை அழுத்திவிட்டதால் கருகிப்போனது. சத்திரசிகிச்சை நிபுணர் லாபிர் அவர்கள் அதற்கு வழி சொன்னார். குழாயை நேராக வைத்தே இழையை நுழைக்க வேண்டும், நுனி திரையில் தெரிந்த பிறகே மிதியை அழுத்த வேண்டும், எட்டாத வளைவில் கிடக்கும் கல்லை வசதியான இடத்துக்கு நகர்த்திவிட்டு உடைக்க வேண்டும், இதில் எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்றார்.

3. இவ்வளவு எளிதான யோசனையை நிர்வாகம் எப்படி ஏற்கும்? கருவிப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். புதுக் குழாய் வந்ததும் தேங்காய் உடைத்து, படம் பிடித்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி குழுத் தலைவரான நிர்வாக அதிகாரி திரு. பொன்னையா அவர்களிடம். வைத்தியர் கேட்கும்போதெல்லாம் குழு கூடவில்லை, கூடினால் முடிவாகவில்லை. நோயாளியின் உடம்புக்குள் போனால்தானே கருவி கெடும் என்ற கண்டுபிடிப்பை மெச்சுகிறேன். வலியில் சுருண்டு கிடந்த என் மனைவியும் மெச்சினார்: "என்னையும் அந்த அலமாரிக்குள்ளயே வச்சிரச் சொல்லுங்க. பத்திரமாவாச்சும் இருப்பேன்."

4. கடைசியில் குழு மனம் இரங்கி, நல்ல காரியம் விஜயதசமியில் தொடங்கட்டும் என்று நாள் தந்தது. அதற்கு முதல் நாள் ஆயுத பூசை. எந்த நோயாளிக்கும் திறக்காத அலமாரி அன்று திறந்தது. திரு. பொன்னையா அவர்கள் தம் கையாலேயே குழாயை எடுத்து, தாம்பாளத்தில் அடங்கும்படி இறுக்கிச் சுருட்டி, கமெராக் கண்ணில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்து, பூச்சரம் சுற்றிக் கற்பூரம் காட்டினார். அவருடைய பக்தியைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் பொட்டு வைக்கிறோம். அவை இரும்பு, தாங்கும். மறுநாள் அவற்றை ஓட்டவும் செய்கிறோம்.

5. சாவி விஜயதசமியன்று காலையில்தான் வந்தது. என் மனைவியை மேசையில் படுக்கவைத்த பிறகே, குழாயைக் கழுவ எடுத்த தாதி சந்தனம் காய்ந்து லேசர் இழை வெளிவரும் துவாரத்தை அடைத்திருப்பதைக் கண்டார். சுருட்டியதில் உள்ளே எல்லாம் முறிந்து, திரை இருட்டாகவே இருந்தது. வைத்தியர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குழு விசாரணை நடத்தி, லேசரினால் கருவிக்கு எந்தச் சேதமும் ஏற்படவில்லை என்று அறிவித்திருக்கிறது. முழு உண்மை. லேசர் அதன் கிட்டவே வரவில்லை. அலமாரிக்கு இரண்டாவது பூட்டும் போட்டாயிற்று.

6. ஆகவே ஐயா, என் மனைவியைக் கருவி இயங்கும் வேறொரு வைத்தியசாலைக்கு உடனே அனுப்பிவைக்க உத்தரவிடுங்கள். அடுத்த குழாயை வைத்தியரின் பொறுப்பில் விட்டு, அவர் கேட்ட பயிற்சியைக் கொடுங்கள். அலமாரியைக் குழுவே வைத்துக்கொள்ளட்டும். என் மனைவிக்குக் காலும் முகமும் வீங்கத் தொடங்கிவிட்டன. எனக்குப் பயமாக இருக்கிறது. குழாய் கெட்டால் இன்னொன்று வரும், முன்பு ஒருமுறை வந்தும் இருக்கிறது. நாகலெட்சுமிக்கு இன்னொன்று இல்லை.

தங்கள் பதிலுக்காக வாசலில் நிற்கும்,
மூ. அழகன்
(கையொப்பம்)

இடம்: ஹட்டன்
திகதி: 2025.10.14