உறைமேல் வேறு கையெழுத்து

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்
16-8-1964

அன்புள்ள செல்வமேரிக்கு,

உன் கணவன் ஞானமுத்து எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் குடைச்சல். மழை வந்தால் கூடுகிறது, மற்றபடி சுகம். நீ அங்கே சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உறையைப் பார்த்து ஏதோ மருந்துக் கம்பெனிக் கடிதம் என்று நினைத்து, மருந்து கொடுக்கும் ஜன்னல் ஓரமாகவே போட்டுவிட்டேன். விலாசம் உன் கையெழுத்தில் இல்லை. சாயங்காலம் பிரித்தால் உள்ளே நீ! வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் குமாரவேல் சார் விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பார் என்று கடைசியில் ஒரு வரி. புருஷனுக்கு எழுதும் கடிதத்துக்கு விலாசம் எழுத இன்னொருவர் கை தேவைப்படுகிறதென்றால் அது பெரிய படிப்புதான்.

யார் இந்தக் குமாரவேல்? கோயமுத்தூரில் ஏதோ ஆஸ்பத்திரியில் ஆபீஸ் பார்த்தவர், உன்னோடு படிக்கிறார் என்பதுவரை தெரியும். பக்கத்துக்குப் பக்கம் 'குமாரவேல் சார் சொன்னார்' என்று எழுதுகிறாய். மெட்ராஸில் வெயில் அதிகம் என்பதைக்கூட அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாயா?

ஆஸ்பத்திரியை நடத்துவதற்கென்று ஒரு மேல்படிப்பு இருப்பதே போன வருஷம்வரை எனக்குத் தெரியாது. டாக்டர் எழுதுகிறார், நான் மருந்து கலக்குகிறேன், நீ ஊசி போடுகிறாய், ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். இதில் நிர்வாகம் எங்கே இருக்கிறது என்று யோசித்ததுண்டு. ஆனாலும் நர்ஸிங்கில் பி.எஸ்ஸி. படித்தவள் நீ ஒருத்திதான், உன்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய சிஸ்டர் சொன்னபோது முதலில் தலையாட்டியவன் நான். அடுத்த வருஷம் சிஸ்டர் தன் நாட்டுக்குத் திரும்பியதும் அந்த நாற்காலி உனக்குத்தான், கம்பவுண்டர் இனி பெண்டாட்டியிடம் லீவு கேட்க வேண்டும் என்று வார்டில் எல்லாருக்கும் சிரிப்பு. நானும் சிரித்து வைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் அம்மா, "ஏலே, அவ படிக்கப் போனா ஒனக்கு எதுக்குலே மொகரை கோணுது" என்கிறாள்.

எனக்கு ஒன்றும் கோணவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
ஞானமுத்து

நாயுடுபுரம்
20-9-1964

அன்புள்ள செல்வமேரிக்கு,

சேசுவின் கிருபையால் இருவரும் நலம். கொல்லைப் பேரிமரத்தில் கடைசிக் காய்களை அணில் தின்கிறது. உனக்கு ஒரு கூடை அனுப்பலாமென்றால் வழியிலேயே அழுகிவிடும்.

செய்முறைப் பயிற்சிக்குக் குமாரவேல் நம் ஆஸ்பத்திரிக்கே வருகிறாராமே? இந்த ராஜ்யத்தில் வேறு ஆஸ்பத்திரியே இல்லையா? உன்னை வேலூர்ப் பக்கம் அனுப்புகிறார்கள், அவரை நீ இருந்த இடத்துக்கு அனுப்புகிறார்கள். பெரிய சிஸ்டர் சம்மதித்துவிட்டார்கள் என்றால் நான் யார் கேட்க?

அவருக்கு ஒரு வேளை சாப்பாடு போடச் சொல்லியிருக்கிறாய். போடுகிறேன். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். ஆனால் அவருக்குக் குளிர் பழக்கமில்லை, என் ஸ்வெட்டரை இரவல் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது நடக்காது. கல்யாணமான வருஷம் நீ எனக்குப் பின்னியது அது. குளிர்கிறவர் சொந்தமாக வாங்கிக்கொண்டு மலை ஏறட்டும்.

உன்,
ஞானமுத்து

நாயுடுபுரம்
18-10-1964

அன்புள்ள செல்வமேரிக்கு,

உன் குமாரவேல் வந்தார். சினிமாக்காரன் மாதிரி ஒருவனை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, வழுக்கை விழத் தொடங்கி, வெயிலிலும் பல் தந்தியடிக்க நின்றார். பார்த்ததும் பாதி நிம்மதி. வாயைத் திறந்ததும் அது போயிற்று. கோபம் வந்தால் நீ பேசாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணமாகி ஒரு வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தி நான் கண்டுபிடித்த விஷயம் அது. அம்மா வைத்த கோழிக்குழம்பு அன்றைக்கு எனக்கு இறங்கவே இல்லை.

நம் வார்டுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் அடுப்பு மூட்டிப் பொங்குவதையும் வராந்தாவில் படுத்துக்கிடப்பதையும் பார்த்து அவர் மிரண்டுபோனார். உடனே மெட்ராஸிலிருந்தே கொண்டுவந்த ஒரு திட்டத்தை எடுத்து நீட்டினார். நோயாளி ஒருவருக்குத் துணை ஒருவர். அந்த ஒருவருக்கு வாசலில் ஒரு தகர வில்லை. வில்லை இல்லாதவர் வெளியே. சிஸ்டரும் செய்து பார்ப்போம் என்றார்கள்.

பேத்துப்பாறைக் காளியாயி வயிற்று ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்காமல் கிடந்தாள். புருஷன் நல்லசாமி, அக்காள் தங்கைகள், மருமகள் என்று கூடவே ஒரு கூட்டம். காவல்காரர் ஒரு வில்லையை நீட்டி, யாராவது ஒருவர் இருங்கள் என்று சொல்லிவிட்டார். அக்காள் வாங்கினால் மருமகளுக்கு முகம் சுருங்கியது. மருமகள் வாங்கினால் அக்காள் மூக்கைச் சிந்தினாள். மத்தியானம் பார்த்தால் காளியாயியை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, கம்பு கட்டித் தூக்கிக்கொண்டு எல்லாருமாக ஊருக்குப் போய்விட்டார்கள். வில்லை கட்டில்மேல் கிடந்தது.

உன்னிடம் என்ன மறைப்பு, எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. படித்தவர் மூஞ்சியைப் பார்த்து ரசித்தேன். ஆனால் தையல் போட்ட வயிறு, மலைப்பாதை, மழை என்று நினைத்ததும் அந்தக் குளிர்ச்சி ஓடிப்போயிற்று.

மறுநாள் வெள்ளனே நானும் அவரும் கிளம்பினோம். பஸ் போன இடம்வரை போய், மீதி நடை. நல்ல பாதை இருக்க, நான் சோலைக் குறுக்குப் பாதையில்தான் கூட்டிப்போனேன். ஏன் என்று உனக்கே தெரியும். அட்டை கடித்து அவர் கணுக்காலெல்லாம் ரத்தம். மனுஷன் குனிந்து குனிந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் எனக்கே பாவமாகி, மடியில் இருந்த உப்பை எடுத்துத் தடவிவிட்டேன்.

நல்லசாமி எங்களை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வாசலில் நிற்க வைத்தே, "ஒருத்திய வச்சிக்கிட்டு ஒருத்தியப் போகச் சொன்னா, நாளைக்கு எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு யாருங்க வருவா? அந்த நர்ஸம்மா இருந்தா இப்படி ஒரு பேச்சே வந்திருக்காதுங்க" என்றான். குமாரவேல் தன் வாயால் மன்னிப்புக் கேட்டு, எல்லாரும் வாங்க, வில்லை கிடையாது என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார்கள். தையலில் ஓரிடத்தில் சீழ் வைத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டார், இப்போது கஞ்சி குடிக்கிறாள். பயப்படாதே.

காளியாயியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் போய்விட, திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் மழைக்கு ஒரு காப்பிக் களத்துக் கொட்டகையில் ஒதுங்கினோம். அங்கேதான் அவர் பேசினார். வில்லைத் திட்டத்தை வகுப்பில் சொன்னபோதே, குடும்பத்தில் ஒருவரைப் பொறுக்கச் சொன்னால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று நீ எச்சரித்தாயாம், அவர் சிரித்தாராம். வகுப்பில் நீதான் முதலாம். பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சாதாரணமாக, "மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில கூப்பிட்ட வேலையை உங்களுக்காகத்தான் வேண்டாம்னு எழுதப் போறாங்க, உங்களுக்குத் தெரியுமே" என்றார். நான் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

எனக்கு என்ன தெரியும் செல்வமேரி? உன்னைக் கூப்பிட்டதும் தெரியாது, நீ வேண்டாம் என்று எழுதப்போவதும் தெரியாது. அவனுக்குத் தெரியும். இதுவரை நான் புழுங்கியதெல்லாம் சும்மா. இதுதான் எரிகிறது. நான்கு நாளாக மருந்து கலக்கும்போதுகூட இதே நினைப்பு.

சொன்னால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று பயந்திருப்பாய். பயந்தது சரிதான், வைத்துக்கொள்வேன். ஆனால் அதற்காக, நானும் ஒரு தகர வில்லையை நீட்டி, வேலையா புருஷனா, யாராவது ஒருவர்தான் என்று வாசலில் நிற்கிறவன் என்று நினைத்துவிட்டாயே. மெட்ராஸிலும் காய்ச்சல் வரும், அங்கேயும் கம்பவுண்டர் மருந்து கலக்கத்தான் வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். கடல் பார்த்ததில்லை, முழங்காலுக்கு வெயில் நல்லதுதானே என்கிறாள். அங்கே எனக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று குமாரவேலிடமே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். போயும் போயும் அவனிடம்!

காளியாயி மாதிரி ஆட்கள் உன்னைக் கேட்கிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள். இங்கே வருவதா, அங்கே இருப்பதா, நீ சொல்வதுதான். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதுவதற்கு முன்னால் எனக்கு எழுது. இனி உன் வாழ்க்கையில் நல்லதோ கெட்டதோ, முதலில் கேட்கிறவன் நானாக இருக்க வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை.

குமாரவேல் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறார். நனைந்து ஜலதோஷம் பிடித்திருக்கிறது. ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டேன். மறக்காமல் திருப்பி வாங்கு.

மாதா உன்னை எந்த ஊரிலும் காப்பாற்றுவாள். எவ்வளவு நேரமானாலும் சரி, வகுப்பே போனாலும் சரி, உறைமேல் என் பெயரை உன் கையாலேயே எழுது.

உன்,
ஞானமுத்து