காணிக்கைப் பாட்டின் உயர்ந்த சுரம்

யூட்,

புட்டு மூடி வைத்திருக்கிறேன். மீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். நான் வயலினோடு கோயிலுக்குப் போகிறேன்.

"எட்டு மாசமாப் பழகியும், ஸ்டார்ட் வராத எஞ்சினை இழுக்கிற மாதிரிக் கிடக்கு. பூசையிலை வாசிச்சு என்னை வெக்கப்படுத்தாதையும்" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்கள். அதன் பிறகு நான் உங்களோடு கதைக்கவில்லை.

வியாழக்கிழமை முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்தியபடி நீங்கள் காணிக்கைப் பாட்டை விசிலடித்தீர்கள். நான் தனியாக வாசிக்க வேண்டிய பகுதி அது. உயர்ந்த சுரம் வரும் இடத்தில் நீங்களும் என்னைப் போலவே சற்றுக் கீழே நின்றுவிட்டீர்கள். என் பிழை அப்போதுதான் எனக்குக் கேட்டது. விரலைத் தந்தியில் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பழகினேன். இப்போது அந்தச் சுரம் ஒவ்வொரு முறையும் சரியாக வருகிறது.

பூசை ஐந்து மணிக்கு. வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டு லூர்த்தம்மாக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து முன்வரிசை வாங்கில் இருங்கள். கோபத்தோடு வந்தாலும் சரி.

றெஜினா

வெள்ளைச் சேட்டைத் தேய்த்துக் கதிரையில் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. "உம்மடை மனிசன் வருவாரோ?" என்று நேற்றுப் பாட்டுக்குழுவில் கேட்டார்கள். "ஓம், வருவார்" என்று சொல்லிவிட்டேன்.