தோளில் கிடந்த துண்டு

ஐப்பசி 12, ஞாயிறு.

"தண்ணியில இறங்காமலே எங்களை நீந்தச் சொல்றீங்களே, சார்?" என்று, கரையில் நின்றபடியே நான் நீச்சல் சொல்லிக்கொடுத்தபோது ஒரு மாணவி எப்போதோ கேட்டாள். அன்று சிரித்துவிட்டேன்.

இன்று எங்கள் கோயிலில், ஊருக்கு உழைப்பவர்களுக்காக நன்றி வழிபாடு நடத்தினோம். மருத்துவச்சிக்கும் தபால்காரருக்கும் பிறகு, மடை திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சவரிமுத்துவுக்கு நான் புதுத் துண்டு போர்த்தினேன். பழக்கத்தில் அதை உடனே இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தோள்லயே கிடக்கட்டும், சவரி. வீடு வரைக்கும் எடுக்காதீங்க."

"கோயில்ல சரிங்கய்யா. மிராசுதார் தெருவுல இடுப்புலதானுங்களே இருக்கணும்?"

"காலம் மாறிடுச்சு" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்சி மாறியதும் அந்தத் தெருவும் மாறியிருக்கும் என்று நம்பிவிட்டேன். கூலித் தகராறில் போன மாதம் அங்கே ஒருவரைக் கட்டிவைத்து அடித்ததை எப்படி மறந்தேன்?

பொழுது சாய்ந்ததும் அவர் மனைவி ஆரோக்கியம் வந்தார்.

"அவரு இன்னும் வீடு வரலீங்கய்யா. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அந்தத் தெருவுல நுழைஞ்சதைப் பார்த்திருக்காங்க. வெளிய வந்ததை யாரும் பார்க்கல."

விடியட்டும் என்றேன். அவர் வாசலை விட்டு எழவில்லை.

போதும். பேனாவை மூடு. லாந்தரை எடுத்துக்கொண்டு ஆரோக்கியத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் நட.