வளைவில் இருந்த உன் தேத்தண்ணிக் கடை

என் ராணி அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் குளவிகள் இல்லாமல் இருக்கட்டும்.

படிக்கப் போன மகன் பிரதீப்பைப் பார்க்க மெல்பேர்ன் வந்திருக்கிறேன். தினமும் ஒவ்வொரு சின்னக் கஃபேக்குக் கூட்டிப்போகிறான். ஒன்று இருப்பது, இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துக்குள். இன்னொன்று முன்பு தையல் கடையாம். தையல் மெஷின் மேல்தான் காப்பி வைக்கிறார்கள். ஒரு கோப்பை போல் இன்னொன்று இல்லை. அதுதான் அழகாம்.

அப்புத்தளை ரோட்டு வளைவில், தகரத்துக்குக் கீழே நீயும் அப்படித்தானே வைத்திருந்தாய்? மலை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் உன் இஞ்சித் தேத்தண்ணிக்குக் காத்து நின்றார்கள். “ஒடஞ்ச கப்புல குடுத்து தோட்டத்து மானத்த வாங்குறியா?” என்று நம் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை கத்தினார். தோட்டத்துக் காணி என்று சொல்லிக் கடையைப் பிரித்தெறிந்தார்கள். நீ மறுபடி கொழுந்து பறிக்கப் போனாய். அங்கேதான் குளவிக் கூட்டம் கொட்டியது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடை இருந்திருந்தால் அன்றைக்கு மலை ஏறியிருப்பாயா?

நேற்று அந்தத் தையல் கடை கஃபேயின் முதலாளியம்மா என் ஊரைக் கேட்டாள். சொன்னதும், “நான் வந்திருக்கிறேனே!” என்று போனில் படம் காட்டினாள். மரத்தால் கட்டிய அழகான டீ ஹவுஸ். உன் இடம், அக்கா. துரை கொழும்புக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்த அதே இடம்.

“அது எங்க அக்கா கட. அவள வெரட்டிட்டுத்தான் கட்டுனாங்க,” என்றேன். பிரதீப் இங்கிலீஷில் சொன்னான்.

அவள் நெஞ்சில் கை வைத்து, “மனதைத் தொடும் கதை,” என்றாள். கேக் ஒன்று இனாமாக வந்தது. நான் தொடவில்லை.

“விடுங்கம்மா, அவங்களுக்கு என்னா தெரியும்?” என்றான் மகன். தெரியாமல் இருப்பது எவ்வளவு சுகம்!

படத்தின் ஓரத்தில் தட்டோடு நின்றவள் உன் மகள் சுகந்தி. அதை மட்டும் நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் வாயில் நுழைய வேண்டுமென்று அவளுக்கு ‘சூ’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் தடுத்தபோது, “அம்மா நின்ன எடம் சித்தி, நான் நின்னுக்கிறேன்,” என்றாள்.

பதுளையில் என் வீட்டு முன்னறையைக் காலி செய்யப் போகிறேன். அவள் கடை போடட்டும். அந்த வீடு என் பேரில் இருக்கிறது, எந்தத் துரையும் பிரிக்க முடியாது. வருவாளா, தெரியாது. மாட்டேன் என்றால், அந்த டீ ஹவுஸ் வாசலில் நின்று மறுபடியும் கேட்பேன்.

இன்னும் ஆறாத
உன் தங்கச்சி