கட்டியக்காரர் மருதங்கீரரின் கோலைத் திருப்பித்தரச் சொன்ன ஓலை

மழை பருவம் தவறாதிருக்க. வெண்ணாவல் நாடும் ஏழு துறைமுகமும் உடைய பெருநற்சேந்தர், தமக்கு மைத்துனர் முறையாகும் குறும்பலூர் மன்னர் அதியரையருக்கு விடுக்கும் ஓலை. உம் ஆறு நிறைந்து ஓடுக. உம் அரசியார் நலம் பெறுக. உம் யானைகள் பாகர் சொல் கேட்பனவாகுக.

சென்ற ஐப்பசியில் யாம் உம் அவைக்கு எழுந்தருளியபோது, வாயிலில் நின்று வருவோரின் பட்டம் கூவும் கட்டியக்காரர் மருதங்கீரர், எம் பட்டங்களை விட்டுவிட்டு எம் பரம்பரைப் பகைவரின் பட்டங்களை ஒன்றுவிடாமல் மணிக்குரலில் கூவிவிட்டார். யாம் சிரித்துக்கொண்டே போய் அமர்ந்தோம். பந்தியில் அக்காரவடிசில் வந்தபோது அதை மறந்தும் போனோம்.

மறக்காதவர் மருதங்கீரர் ஒருவரே. பகலெல்லாம் நல்லபடியாக இருப்பார். தலையணையில் தலை சாய்த்ததும் அந்தக் கூவல் காதில் கேட்கும். இனி எந்த அவையிலும் நாக்குழறும், மகளுக்கு வரன் வராது, ஊரே கைகொட்டிச் சிரிக்கும் என்று அதன் பின்னால் ஒவ்வொன்றாய் வரும். மருத்துவர் தைலம் கொடுத்தார். தலை வழுக்கியதே தவிர உறக்கம் வரவில்லை. விரட்ட விரட்ட, போன நினைவு உறவினரையும் கூட்டிக்கொண்டு திரும்பியது.

ஒருநாள் அவர் சலித்துக் கிடக்கையில் நினைவு வந்து நிற்க, பழகிய வாய் தானாகவே கட்டியம் கூறிவிட்டது: "பராக், பராக்! ஐப்பசிப் பிழையார், வெட்கத்தின் தலைமகனார், தலையணை நாடு கொண்டார் வருகிறார், பராக்!"

அருகிலிருந்த மனைவியார் இளநாகையார் விழுந்து விழுந்து சிரித்து, வாயிலில் பெயரைக் கூவுவதோடு கட்டியக்காரர் கடமை தீர்ந்தது என்றும், உள்ளே வந்தவரோடு உட்கார்ந்து வழக்காட அவரை யாரும் நியமிக்கவில்லை என்றும் எடுத்துரைத்தாராம். மருதங்கீரர் திரும்பிப் படுத்தார். அந்த விருந்தாளி வருவது இன்றும் நிற்கவில்லை. சில நாள் மூன்று முறையும் வருகிறார். மூன்று முறையும் முழுப் பட்டத்தோடு அறிவித்துவிட்டு இவர் உறங்கிவிடுகிறார்.

இதையெல்லாம் அவரே எம் அவைக்கு வந்து சொல்லக் கேட்டோம். வந்த காரணமோ வேறு. எம் மகனுக்கும் உம் மகளுக்கும் தை மாதம் நிகழும் திருமணத்தில் அவர் வாயிலில் நிற்கலாகாது என்று எம் அதிகாரிகள் யாமறியாமல் எழுத, நீரும் கட்டியம் கூற அவர் ஏந்தும் கோலை வாங்கி வைத்துக்கொண்டீராம். அந்தப் பிழையே தம் கடைசிக் கூவலாக நின்றுவிடக் கூடாது, இன்னும் ஒரே ஒருமுறை நிற்க விடவேண்டும் என்று கேட்டார். எமக்கு மனம் கேட்கவில்லை.

மறைப்பானேன், மைத்துனரே. பாசித்துறைப் போரில் யாம் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடிய நாள், எம் படுக்கைக்கும் தவறாமல் வருகிறது. நேற்று அதற்கும் பட்டம் சூட்டி அறிவித்துப் பார்த்தோம். சேவல் கூவிய பிறகுதான் விழித்தோம்.

ஆகவே எம் ஆணை. ஓலை கண்டவுடன் கோல் மருதங்கீரர் கைக்குச் சேரக் கடவது. மணநாளன்று எம் வருகையை அவரே கூவக் கடவர். மீண்டும் தவறி எவர் பெயரைக் கூவினாலும் அப்பெயரிலேயே யாம் உள்ளே வருவோம். அவையோர் எழுந்து நிற்கக் கடவர்.

இது எம் கைச்சாத்து. வெண்ணாவல் இலச்சினை இட்டது.